எண்ணிக்கைக்குள் வந்த மறுப்பு: உலோகாயதம் சமயமானது எப்படி?

கடவுள் இல்லை என்பதும் ஒரு நம்பிக்கைதான் என்று வாதிடுவோரில் இரு தரத்தார் உண்டு. இல்லாமையை நிறுவ முடியாது, நிறுவ முடியாததைக் கொள்வது நம்பிக்கை என்பார் ஒரு தரத்தார். மற்றவர் வரலாற்றைத் துணைக்கு அழைப்பவர். நம் பழைய நூல்களே உலோகாயதத்தைச் சமயங்களுள் ஒன்றாக எண்ணியிருக்கின்றன. மணிமேகலையில் பூதவாதி ஏனைச் சமயக்கணக்கரோடு வரிசையில் நிற்கிறான். சிவஞான சித்தியார் பரபக்கம் உலோகாயதனிடமிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே மறுப்பும் ஒரு சமயமே என்பது இவர்கள் கொள்கை. இக்கட்டுரை இரண்டாம் தரத்தாரின் வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. சமயம் என்று எண்ணினார்கள் என்பதில் ஐயமில்லை. எதை அடிப்படையாக வைத்து எண்ணினார்கள் என்பது இதுவரை போதிய அளவு கேட்கப்படவில்லை.

கேட்கப்படாமல் போனதற்கு ஒரு பெரிய நூல் காரணம் என்று கருதுகிறேன். தேவிபிரசாத் சட்டோபாத்யாயா 1959இல் வெளியிட்ட ‘லோகாயதம்’ இந்தியப் பொருள்முதல்வாத ஆய்வின் அடித்தளம். அதற்குப் பின் எழுதிய எவரும் அந்நூலைத் தாண்டாமல் போக முடியாது. உலோகாயதரின் மூலநூல்கள் அழிந்துவிட்டன, அவர்களை அவர்களுடைய பகைவர் வாய்மொழியாகவே அறிகிறோம், அந்த வாய்மொழியை அப்படியே ஏற்கலாகாது என்று ஆய்வாளர் நெஞ்சில் பதிய வைத்தவர் அவர். அந்தக் கடன் எனக்கும் உண்டு. ஆனால் அதே நூலில் அவர் உலோகாயதத்தைச் சடங்கும் வழிபாட்டு முறையும் உடைய ஒரு கூட்டமாகக் காட்டினார். தாந்திரிகமும் காபாலிகமும் உலோகாயதமும் ஒரே வேரின் கிளைகள், உடலே உலகம் என்னும் தேகவாதமே அந்த வேர், வேளாண் மக்களின் வளச்சடங்குகளில் அது முளைத்தது என்பது அவர் கொண்ட முடிவு. மறுப்பைச் சடங்கோடு பிணைத்த இந்த வாசிப்பு, அவர் விரும்பாமலே, இரண்டாம் தரத்தாருக்கு வலுவான சான்றாகிவிட்டது. சடங்கு இருந்தால் சமயம்தானே?

அவருடைய சான்றுகளுள் எல்லாச் சுமையையும் தாங்குவது ஒரே ஓர் உரைப்பகுதி. ஹரிபத்திரர் 8ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘ஷட்தர்சன சமுச்சயம்’ என்னும் நூலுக்குக் குணரத்தினர் என்னும் சமண ஆசிரியர் 1400ஐ ஒட்டிய காலத்தில் ‘தர்க்கரகசிய தீபிகை’ என்ற உரை வகுத்தார். உலோகாயதப் பகுதிக்கு வந்ததும் அவர் இப்படிச் சொல்கிறார்: நாத்திகர் சிலர் காபாலிகர், நீறு பூசியவர், யோகிகள், அந்தணர் முதல் கடைசிச் சாதியார் வரை அவர்களில் உண்டு, கள்ளும் ஊனும் உண்பர், தகாத உறவு கொள்வர், ஆண்டுதோறும் ஏதோ ஒரு நாளில் ஒன்றுகூடிப் பெண்களோடு களிப்பர், சார்வாகர், லோகாயதர் என்பவை அவர்கள் பெயர்கள். ஹரப்பிரசாத் சாஸ்திரி 1925இலேயே இதைக் கொண்டு உலோகாயதரைக் காபாலிகரோடு இணைத்தார். சட்டோபாத்யாயா அதை ஏற்று, அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்பினார்.

இந்த உரைப்பகுதியைச் சற்று நின்று படிக்க வேண்டும். ஏதோ ஒரு நாளில் என்கிறார் குணரத்தினர். எந்த மாதம், எந்தத் திதி, எந்த ஊர்? ஒன்றும் இல்லை. சமண ஆசிரியர்கள் பிற சமயத்தாரின் திருவிழாக்களையும் வேடங்களையும் குறிப்பதில் கூர்மையானவர்கள். இதே உரையில் மற்றத் தரிசனங்களைச் சேர்ந்த துறவிகளின் அடையாளங்களையும் ஒழுக்கங்களையும் குணரத்தினர் விரித்துரைக்கிறார். நேரில் கண்டவர் நாளின் பெயரை விட்டுவிடுவாரா? கேள்விப்பட்டதை எழுதுபவரின் நடை இது என்றே எனக்குப் படுகிறது. இந்த முடிவுக்கு இந்த ஒரு சொற்றொடருக்கு மேல் ஆதாரம் என்னிடம் இல்லை. ஆனால் சட்டோபாத்யாயாவின் முடிவுக்கும் அந்தப் பத்திக்கு மேல் ஆதாரம் இல்லை என்பதால், அதன் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு.

இன்னொன்று. மூலநூலாகிய ஹரிபத்திரரின் செய்யுட்களில் இச்சடங்கின் சாயல் கூட இல்லை. உயிர் இல்லை, வீடு இல்லை, அறமும் மறமும் இல்லை, புண்ணிய பாவங்களுக்குப் பயனும் இல்லை என்பதோடு உலோகாயதர் கொள்கையை அவர் தொடங்குகிறார். நீறு பூசிக் கபாலம் ஏந்துபவன் எதற்காக ஏந்துகிறான்? சித்தி பெறவும், தான் வழிபடும் பைரவனாகவே ஆகவும். பயன் இல்லை என்பவனுக்கு நோன்பு எதற்கு? உரைக்கும் மூலத்துக்கும் இடையில் 600 ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருக்கின்றன. அந்த இடைவெளியில் இரு வேறு கூட்டத்தார்மேல் சொல்லப்பட்ட பழிகள் ஒன்றாகக் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி.

கலக்காத சான்றுகள் அந்த இடைவெளிக்குள்ளேயே கிடைக்கின்றன. கிருஷ்ணமிசிரர் 11ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘பிரபோத சந்திரோதயம்’ நாடகத்தில் சார்வாகன் இரண்டாம் அங்கத்தில் வருகிறான். காபாலிகன் மூன்றாம் அங்கத்தில் வருகிறான். இருவரும் மகாமோகனின் அணியினர்தாம். ஆனாலும் சார்வாகன் மாணவனை அருகில் வைத்துக்கொண்டு வேள்வியையும் நீத்தார் கடனையும் எள்ளுகிறான். காபாலிகனோ சிவனுருப் பெற்று இன்பத்தோடு வாழும் முத்தியைப் பேசுகிறான். இரண்டையும் ஒன்றாகக் கருதும் வழக்கம் அன்று இருந்திருந்தால் நாடக ஆசிரியர் இரு பாத்திரங்களைப் படைத்திருக்க மாட்டார். அதற்கும் முன்னே, 7ஆம் நூற்றாண்டுக் காஞ்சியில், மகேந்திரவர்மனின் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ கள்ளுண்ணும் காபாலிகனை மேடையேற்றுகிறது. அந்தச் சத்தியசோமன் குடிப்பதும் கூத்தாடுவதும் சிவன் பெயரைச் சொல்லித்தான். அவனை நாத்திகன் என்று நூலில் எவரும் அழைக்கவில்லை. குணரத்தினருக்குச் சற்று முற்பட்ட மாதவர் ‘சர்வதர்சன சங்கிரகத்தில்’ சார்வாகத்துக்கு முதல் அதிகாரத்தை ஒதுக்கி, உலகத்து மக்களில் பெரும்பாலோர் இவ்வழியில் நடப்பதாகச் சொல்கிறார். திருநாளையும் நீற்றையும் அவர் அறியவில்லை.

பகைவர் சாட்சியத்தை ஐயுறச் சொன்ன அறிஞர், இருக்கும் சாட்சியங்களிலேயே மிகக் காலம் தாழ்ந்ததும் மிகக் கடுமையானதுமான ஒன்றை நம்பினார் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. காரணத்தை ஊகிக்கலாம். உலோகாயதத்தை மக்களுடைய மரபாக, உழைப்போரின் நினைவாக மீட்டெடுக்க அவர் விரும்பினார். மக்கள் மரபு என்றால் சடங்கு வேண்டியிருந்தது. குணரத்தினர் அதை வழங்கினார். உடலைக் கருவியாகக் கொண்டு உடலுக்கு அப்பாற்பட்ட ஆற்றலைத் தேடும் தாந்திரிகனும், உடலுக்கு அப்பால் ஒன்றுமில்லை என்பவனும் உடலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற ஒரே காரணத்தால் ஒரு கொள்கையினர் ஆகிவிட மாட்டார்கள்.

சடங்கை விலக்கிவிட்டால், உலோகாயதம் சமயப் பட்டியலில் இடம்பெற்றது எப்படி என்ற கேள்வி புதிதாக எழுகிறது. விடைக்கு நாம் வடக்கே போக வேண்டியதில்லை. மணிமேகலையின் 27ஆம் காதை, சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை, வேறெங்கும் கிடைக்காத ஒரு சான்றை வைத்திருக்கிறது. வஞ்சி நகரில் மாதவன் வடிவில் சென்ற மணிமேகலை முதலில் கேட்பது வைதிக மார்க்கத்து அளவைவாதியின் உரை. காட்சி, கருத்து, உவமம், ஆகமம் என அளவைகளை அடுக்கிக்கொண்டு போகும் அவன், இறுதியில் 6 நெறிகளைச் சொல்கிறான்: உலோகாயதம், பௌத்தம், சாங்கியம், நையாயிகம், வைசேடிகம், மீமாஞ்சகம். உடனே அவற்றின் ஆசிரியர் அறுவரையும் அதே வரிசையில் பெயர் சுட்டுகிறான். பிருகற்பதி முதலில், சைமினி கடைசியில். இவர்கள் ‘சமய ஆசிரியர்’ எனப்படுகிறார்கள். அதையடுத்து, இப்போது வழக்கில் உள்ள அளவைகள் 6 என்று கூறி அவன் முடிக்கிறான்.

இந்தப் பட்டியலை உலோகாயதமும் சமயமே என்பதற்குச் சான்றாகக் காட்டுவோர், அது எந்தப் பேச்சின் நடுவில் வருகிறது என்பதைப் பார்ப்பதில்லை. முன்னும் பின்னும் அளவை பற்றிய பேச்சு. பேசுபவன் பெயரே அளவைவாதி. பட்டியலில் உள்ள அறுவரில் சாங்கியம் உலகைப் படைத்த இறைவனைக் கேட்கவில்லை. சைமினியின் மீமாஞ்சகம் வேதத்தை ஏற்றும் படைப்போனை வேண்டவில்லை. பௌத்தத்தைச் சொல்லவே வேண்டாம். கடவுள் நம்பிக்கை இப்பட்டியலின் வாயிலாக இருந்திருந்தால் பாதிப்பேர் வெளியே நின்றிருப்பார்கள். எப்படி அறிகிறாய் என்ற கேள்விக்குத் தமக்கென ஒரு விடை வைத்திருப்பவர்கள் என்பதே அறுவருக்கும் பொது. உலோகாயதனுக்கு அந்த விடை ஒற்றைச் சொல்: காட்சி. அதனால்தான் அவன் முதலில் நிற்கிறான் போலும். ஓர் அளவை உடையவனிலிருந்து பல அளவை உடையவர்களை நோக்கி வரிசை ஏறுகிறது. இடையில் உள்ளவர்கள் அப்படிச் சீராக ஏறவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இரு முனைகளும் பொருந்துகின்றன.

அதே காதையின் முடிவில் வேறோர் எண் வருகிறது. மணிமேகலை ‘ஐவகைச் சமயமும்’ அறிந்தாள் என்று காதை முடிகிறது. அவளிடம் பேசியவர்களோ 10 பேர்: அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி. பத்தை ஐந்தாக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் 5 பேரையும் வைதிகம் என ஒன்றாக்கி, ஆசீவகத்தையும் நிகண்டத்தையும் ஒன்றாக்கினால் பூதவாதத்தோடு 5 ஆகும். அல்லது ஆசீவகமும் நிகண்டமும் தனித்தனியே நிற்க, பூதவாதத்தை விட்டுவிட்டால் 5 ஆகும்.

இரண்டாம் வழியே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆசீவகத்தைச் சமணத்தின் உட்பிரிவாக மயங்குவது பிற்காலத் தமிழ் உரைகளில் காணும் போக்கு. மணிமேகலை ஆசிரியருக்கு அந்த மயக்கம் இல்லை. ஆசீவகனுக்கு மற்கலி நூலைத் தனியே கொடுத்து, நிகண்டவாதியை வேறு நிறுத்தி வேறு பேச வைக்கிறார். அவ்வளவு தெளிவாகப் பிரித்தவர் எண்ணும்போது மட்டும் ஒன்றாக்குவாரா? அப்படியானால் பூதவாதியைக் கேட்டாள், ஆனால் அவனைச் சமயத்தான் என்று எண்ணவில்லை என்றாகிறது. இந்த வாதம் ஓர் எண்ணின்மேல் நிற்கிறது. சைவத்தையும் வைணவத்தையும் வைதிகத்துள் அடக்கியது நம் ஊகமே. எண்ணைப் பற்றிய மாற்று விளக்கத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் பூதவாதியைச் சமயத்தான் என்று முடித்துவிடுவோர் இந்த ஐந்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

பூதவாதியும் உலோகாயதனும் ஒருவரே அல்லர் என்பதையும் இக்காதையே உணர்த்துகிறது. தாதகிப் பூவும் கருப்பங்கட்டியும் கூடி மதுவின் களிப்பைப் பிறப்பிப்பதுபோல் பூதங்களின் கூட்டத்தில் உணர்வு பிறக்கிறது என்கிறான் பூதவாதி. அதோடு நில்லாமல், உயிருள்ள பூதம், உயிரில்லாப் பூதம் என்று இருவகை வகுத்து, ஒவ்வொன்றும் தன் வகையிலிருந்தே தோன்றும் என்கிறான். ஏனையவற்றில் உலோகாயதன் கருத்தே தன் கருத்து என்றும் சொல்கிறான். கண்ணால் கண்டதே அளவை என்பவன் இருவகைப் பூதங்களை எங்கே கண்டான்? இங்கே மறுப்பு ஒரு கொள்கையாகத் திரண்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாத்திகத்தில் நம்பிக்கைக் கூறு உண்டு என்போருக்கு மணிமேகலை தரும் உண்மையான ஆதாரம் இதுவே. அதை அவர்கள் எடுத்தாள்வதில்லை.

மணிமேகலை அவனை மடக்குவது வேறிடத்தில். முற்பிறப்பை அறிந்தோர் உண்டோ என்ற பேச்சு எழ, அது தெய்வ மயக்கமோ கனவோ ஆகும் என்கிறான் அவன். உன் தாய் தந்தையரைக் கருத்தளவையால் அன்றி வேறு எதனால் அறிவாய் என்று கேட்கிறாள் அவள். நீயும் காணாததைக் கொள்கிறவன்தான் என்பது கேள்வியின் உட்பொருள். இன்றைய பட்டிமன்றங்களில் ஒலிக்கும் வாதத்தின் மூதாதை இது. காப்பியம் பூதவாதிக்கு மறுமொழி தரவில்லை.

அந்த மறுமொழி மற்றொரு பகைவரின் ஏட்டில் பிழைத்திருக்கிறது. 8ஆம் நூற்றாண்டுப் பௌத்தரான கமலசீலர், புரந்தரர் என்னும் சார்வாகரின் கூற்றை எடுத்துக்காட்டுகிறார். உலக வழக்கில் தெரிந்த அனுமானத்தைச் சார்வாகரும் ஏற்பர். உலக வழியைக் கடந்து போய்ச் செய்யும் அனுமானத்தையே விலக்குவர் என்பது அதன் சாரம். புகையைக் கண்டு நெருப்பை அறியலாம், ஏனென்றால் போய்ப் பார்க்க முடியும். பெற்றோரை அறிவதும் அத்தகையதே. பெற்றதைக் கண்டவர்கள் ஊரில் இருக்கிறார்கள். மறுமையைக் கண்டு திரும்பியவர் இல்லை. காணாத எதையும் கொள்ளேன் என்பதல்ல, சரிபார்க்க வழியில்லாததைக் கொள்ளேன் என்பதே இங்கு நிலைப்பாடு. இது மணிமேகலையின் கேள்விக்கு நேரான விடை. ஆனால் புரந்தரர் காப்பியத்துக்குப் பிற்பட்டவராகவே தெரிகிறார். அவருக்கு முன் இருந்த உலோகாயதர் உண்மையிலேயே எல்லா அனுமானத்தையும் தள்ளினார்களா, அல்லது எதிரிகள் அப்படிச் சுருக்கிக் காட்டினார்களா என்பதை இன்றுள்ள சான்றுகளைக் கொண்டு முடிவு கட்ட இயலாது.

அளவையை வைத்து எண்ணிய பட்டியல் எப்போது வேறு அடிப்படைக்கு மாறியது? ஹரிபத்திரரிடம் ஒரு மாற்றம் தெரிகிறது. பௌத்தம், நையாயிகம், சாங்கியம், சைனம், வைசேடிகம், சைமினீயம் என 6 தரிசனங்களை உரைத்து முடித்த பிறகு அவர் ஒரு குறிப்புத் தருகிறார். நையாயிகத்தையும் வைசேடிகத்தையும் வேறாகக் கருதாதவர்களுக்கு ஆத்திகர் 5 பேர்தாம். அவர்களுக்கு ஆறு என்ற எண் உலோகாயதத்தைச் சேர்ப்பதால் நிறைகிறது. ஆகவே அதையும் சொல்கிறேன் என்கிறார். நூலாசிரியரே இவ்வளவு வெளிப்படையாகக் காரணம் கூறுவது அரிது. எண் குறைந்தது, உலோகாயதம் உள்ளே வந்தது. நம்பிக்கையைப் பற்றிய பேச்சே இல்லை. அவர் ஆத்திகர் என்ற கூட்டத்தில் பௌத்தரும் சமணரும் இருப்பதையும் கவனிக்க வேண்டும்; மறுமையும் வினைப்பயனும் உண்டு என்போர் எல்லாரும் அவருக்கு ஆத்திகர். பாணினி சூத்திரத்துக்குக் காசிகை உரை சொல்லும் பொருளும் மறுமையைப் பற்றியதே, கடவுளைப் பற்றியது அன்று.

தமிழ்ச் சைவத்தில் அதே ஆறு மூன்றாம் முறை தோன்றுகிறது, முற்றிலும் வேறு அடிப்படையில். சித்தாந்த மரபு சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நான்காக்கி ஒவ்வொன்றிலும் ஆறாறு வைக்கிறது. புறப்புறச் சமயம் ஆறாவன உலோகாயதம், பௌத்தம் நான்கு, ஆருகதம். ஆறு நிறையப் பௌத்தம் நான்காகப் பிரிந்து நிற்கிறது. உலோகாயதம் முழுதாக ஓரிடம் பெறுகிறது. இங்கே அளவுகோல், அகத்திலிருந்து எவ்வளவு தொலைவு என்பது. அளவை பற்றிய சண்டை மறையவில்லை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் பரபக்கத்தில் உலோகாயதனை முதலில் நிறுத்தி, காட்சி ஒன்றே போதாது என்று விரிவாகவே வாதிடுகிறார். ஆனால் வரிசையின் ஒழுங்கை இப்போது வகுப்பது தொலைவு. வெளியே மிகத் தள்ளி நிற்பவனும் அதே ஏணியின் அடிப்படியில் நிற்பவன் ஆகிறான். அவனும் ஒரு சமயத்தான், குறைபட்ட சமயத்தான் என்ற எண்ணத்துக்கு இந்த ஒழுங்கே இடம் தந்தது. நீலகேசியில் பூதவாதி பிசாசகனைப் பேயுரு காட்டி அஞ்ச வைத்து வெல்லும் கட்டம், வாதம் அளவையிலிருந்து நழுவிய மற்றொரு தடம். அவனுடைய அச்சம் அவன் உள்ளத்தில் மறைந்திருந்த நம்பிக்கைக்குச் சாட்சி ஆக்கப்படுகிறது.

சட்டோபாத்யாயாவுக்கு மீண்டும் வர வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவர் ஒதுக்கிய நூல் ஒன்று இந்த இடத்தில் பேச வேண்டியது. பாட்டன் சுவடிச்சாலையில் கிடைத்து 1940இல் பரோடாவில் அச்சான ஜயராசியின் ‘தத்துவோபப்லவ சிம்மம்’ எல்லா அளவைகளையும், காட்சியையும் விடாமல், உடைத்தெறிகிறது. நான்கு பூதங்களைக் கூட அது நிறுவப்பட்ட பொருளாக ஏற்பதில்லை. பதிப்பாசிரியர்கள் சுக்லால்ஜியும் பரீக்கும் இதை உலோகாயத மரபின் நூலாகக் கண்டார்கள். பொருள்முதல்வாதம் இல்லாத நூல் உலோகாயதம் ஆகாது என்று சட்டோபாத்யாயா அதைத் தள்ளினார். அவர் தள்ளியதற்கு வலுவான காரணம் உண்டு; காட்சியையே மறுப்பவனைக் காட்சிவாதி என்பது கடினம். ஆனால் நூலின் முடிவில் ஜயராசி சொல்வதைக் கேட்க வேண்டும். தேவகுருவின் அறிவுக்கும் எட்டாத ஐயங்கள் இங்கே கிடைக்கும் என்று அவர் பெருமிதத்தோடு முடிக்கிறார். தேவகுரு என்பது பிருகற்பதி, மணிமேகலை ‘சமய ஆசிரியர்’ வரிசையில் முதலாவதாக வைத்தவர். தன் ஆசிரியனைத் தாண்டிவிட்டேன் என்பதை நூலின் சிறப்பாகச் சொல்லும் மரபில், ஆசிரியன் வாக்கு பிரமாணம் அன்று. சமயம் என்ற சொல்லுக்கு நாம் இன்று தரும் பொருளில் அதற்கு இடமில்லை.

காலக்கணக்கு ஒன்று தீராமல் நிற்கிறது. மணிமேகலையின் 29ஆம் காதையிலுள்ள பௌத்த அளவையியல், சங்கரசுவாமியின் ‘நியாயப் பிரவேசத்தை’ அடியொற்றியது என்றால் காப்பியம் 6ஆம் நூற்றாண்டுக்கு வந்துவிடும். ச. கிருஷ்ணசுவாமி ஐயங்கார் 1928இல் வாதிட்டதுபோல் அது திங்நாகருக்கு முற்பட்டதானால் இன்னும் மேலே போகும். இரண்டில் எது உண்மையானாலும் அளவைவாதியின் ஆறு, ஹரிபத்திரரின் ஆறுக்கு முந்தியதே. உலோகாயதம் எண் நிறைக்க வருவதற்கு முன்பே அளவை உடையதென வரிசையில் நின்றது என்பதும் மாறாது. ஆனால் 27ஆம் காதையும் 29ஆம் காதையும் ஒரே மூலத்திலிருந்து வந்தனவா, அளவைவாதியின் பட்டியல் காப்பிய ஆசிரியருக்கு முன்பே தமிழில் வழங்கியதா, அல்லது காஞ்சிப் பௌத்தர்களின் பாடநூல் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டதா என்பவற்றுக்கு விடை கிடைக்கும்வரை, அந்த ஆறு எங்கே பிறந்தது என்று சொல்ல இயலாது.